செத்தால் நான்கு லட்சம்! சாகாமல் காக்க நர்சு எங்கே?



சித்திரை வெயிலில் கம்மாய்க்குள் மண் வெட்டும் கூலிப் பெண் சுருண்டு விழுகிறாள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அக்குளில் ஐஸ் வைக்க வேண்டும். நினைவு தப்பியவள் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. புரையேறி மூச்சு நின்றுவிடும். அரை மணி தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. இதை அறிந்து செய்பவர் யார்? மந்திரியா? கலெக்டரா? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாதான்!

2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: பிணத்துக்கு விலை வைத்தவர்கள், உயிரைக் காக்கும் கைக்கு என்ன விலை வைத்தார்கள்?

கணக்கைப் பாருங்கள். 2015-இல் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு, நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். 2020-இல் கொரோனா வந்தது. மீண்டும் அவசர அழைப்பு, மீண்டும் ஒப்பந்தம்! மத்திய சர்க்கார் ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகள் மீது பூத்தூவியது. மாநில சர்க்காரோ 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளின் சீட்டைக் கிழித்தது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகு நீட்டியதும் இன்னொரு தற்காலிக வேலையே!

மில் தோழனே, இது உனக்குப் புதிதா? ஆர்டர் வந்தால் பதலி. ஆர்டர் முடிந்தால் கேட்டுக்கு வெளியே! அதே முதலாளி புத்திதான் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

"பேரிடர் தினமுமா வருகிறது? சும்மா இருப்பவருக்குச் சம்பளமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தீப்பிடிக்காத நாளில் தீயணைப்பு நிலையத்தை இழுத்து மூடுகிறோமா? எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த கிழவர் என்று ஊர் ஊராக அறிந்திருப்பது, சலைனும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமும் பங்குனிக்கு முன்பே எண்ணி வைப்பது, அடிபட்டோர் கூட்டமாக வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று பழகி வைப்பது, இதுவே முன்தயாரிப்பு. வருஷக்கணக்கில் ஓரிடத்தில் வேலை செய்பவருக்கே இது கைவரும். இன்றோ நாளையோ வீட்டுக்கு அனுப்பப்படுவோம் என்று அஞ்சுபவருக்கு எப்படிக் கைவரும்?

வறண்ட சீமையில் வெள்ளம் ஏது என்றும் சொல்லாதீர்கள். 2023 டிசம்பரில் நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே! திருச்சுழி குண்டாறு என்றைக்கும் காய்ந்தே கிடக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்?

சின்னஞ்சிறு கியூபாவைப் பாருங்கள். அமெரிக்க முற்றுகைக்கு நடுவிலும், 1984 முதல் குடியிருப்புகளிலேயே டாக்டரையும் நர்சையும் தங்கவைக்கும் திட்டத்தை அந்த நாடு நடத்தியது. 2020 மார்ச்சில் பணக்கார இத்தாலியின் லம்பார்டிக்கே டாக்டர்களையும் நர்சுகளையும் உதவிக்கு அனுப்பியது. அதற்கு மனம் இருந்தது. இங்கே இல்லாதது அதுதான்.

ஒப்பந்த நர்சுகளை நிரந்தரமாக்கு! இரவும் பகலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு வேண்டும்! கோடையில் உச்சிவெயில் வேலையை நிறுத்து! இந்தக் கோரிக்கைகள் நர்சுகளுடையவை மட்டுமல்ல. நம் உயிரின் கோரிக்கைகள். அவர்கள் போராட்டப் பந்தலில் அமரும் நாளில், அருப்புக்கோட்டை மில் தொழிலாளியும் திருச்சுழி விவசாயக் கூலியும் பக்கத்தில் அமரட்டும்!