பீரங்கி காத்த வியாபாரம்

கோப்பாயில் வெங்காயம் வாங்கும் நாங்கள் நாலு வியாபாரிகள், "எல்லோரும் ஒரே விலை கேட்போம், வெளியாளை விடக்கூடாது" என்று போன போகத்தில் பேசினோம். எனக்கு ஒல்லாந்தர் ஞாபகம் வந்தது.

1602இல் தொடங்கிய அவர்களது கிழக்கிந்தியக் கம்பனி, போர்க்கப்பல்களோடு வந்து 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. அனுமதிச்சீட்டு இல்லாத தோணிகளைக் கடலில் மறித்தது. பாக்கும் யானையும் கம்பனிக்கே என்றது. நம் சோனக வியாபாரிகள் நொடிந்தார்கள். ஆனால் காவல் செலவும் ஊழியரின் களவு வியாபாரமும் கம்பனியையும் தின்றன. 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1799 முடிவில் கம்பனியே கடனோடு கலைந்தது.

வாசகர்களே, போட்டியை அடைத்து நடத்தும் வியாபாரம் நிலைக்காது. அந்தப் பேச்சிலிருந்து நான் விலகிவிட்டேன். கமக்காரனிடம் நாலு பேர் நாலு விலை கேட்கட்டும்.