ராஜினாமா செய்த அம்பேத்கரை ஏன் மறைக்கிறோம்?

போன ஏப்ரல் 14 அன்று ஒரு கூட்டத்தில் பதினொரு பேர் பேசினோம். சட்ட மேதை, முதல் சட்ட அமைச்சர் என்று பட்டங்கள் பொழிந்தன. அந்த முதல் சட்ட அமைச்சர் ஏன் பதவியை விட்டு வெளியேறினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் நானும் சொல்லவில்லை. நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, இந்து சட்ட மசோதாவுக்காகத்தான் அண்ணல் ராஜினாமா செஞ்சாராமே? மேல்சாதிப் பொண்ணுங்களுக்குச் சொத்து கிடைக்க நம்ம தலைவர் ஏன் பதவியை விடணும்?"

கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மணவிலக்கும் மறுமணமும் உழைக்கும் சாதிகள் பலவற்றில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தவை. பங்கு கேட்க நம்மில் பெரும்பாலோரிடம் நிலமும் இல்லை. ஆனால் 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் வாசித்த கட்டுரையைப் படித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். சாதி அகமணத்தால் உயிர்வாழ்கிறது. பெண்ணைக் கட்டிப்போடாமல் அகமணம் நிற்காது. சதியும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் அதற்காகவே வந்தன என்று அங்கே விளக்கினார். 35 ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டைச் சட்டத்தால் அறுக்க முயன்றார். மகனுக்குச் சமமாக மகளுக்குப் பங்கு, மணவிலக்கு உரிமை, ஒருதார மணம், திருமணத்துக்குச் சாதி தடையில்லை. இதைப் 'பெண்கள் விஷயம்' என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சாதி ஒழிப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

1951 ஆகஸ்டில் அவர் நேருவுக்கு எழுதினார்: உடல்நிலை குறித்து மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள், சிகிச்சைக்குப் போகும் முன் மசோதாவை முடித்துவிட வேண்டும். செப்டம்பரில் நான்கு பிரிவுகள் நிறைவேறியதோடு அது கைவிடப்பட்டது. 27ஆம் தேதி ராஜினாமா. அக்டோபரில் அவையில் காரணம் சொல்ல எழுந்தபோது, அறிக்கையின் பிரதியை முன்கூட்டியே தர வேண்டும் என்றார் துணை சபாநாயகர். அதைத் தணிக்கை என்று சொல்லி வெளியேறி, அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பட்டியல் சாதியினர் மீதான கொடுமைகள், பிற்படுத்தப்பட்டோருக்கு ஆணையம் அமைக்காதது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் மனம் கொதித்த இடம் வேறு. வர்க்கத்துக்கும் வர்க்கத்துக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைத் தொடாமல் பொருளாதாரச் சட்டங்கள் போடுவது சாணக் குவியல் மேல் மாளிகை கட்டுவது போன்றது என்ற பொருளில் எழுதினார்.

என்ன கிடைத்தது? முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோல்வி. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. 1955, 56இல் அதே மசோதாவைத் துண்டு துண்டாக நிறைவேற்றிப் பெயர் வாங்கியவர்கள் மற்றவர்கள்.

இன்று அவர் சிலைக்கு மாலை போட வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்கிறேன். சாதி மாறிக் காதலித்த பிள்ளையை வெட்டிப் போடுகிறார்கள். உடலை வாங்க மறுத்துப் பெற்றோர் பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணவக் கொலைகளைத் தடுக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. தனிச்சட்டம் கேட்டு நாமும் தொண்டை வற்றக் கத்துகிறோம். தமிழகச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44 தனித்தொகுதிகள். இதற்காகப் பதவியைத் தூக்கி எறிகிறேன் என்று அங்கிருந்து எத்தனை குரல் கேட்டது? கூட்டணித் தலைமை முகம் சுளிக்கும் என்றால் கண்டன அறிக்கையில்கூடக் கொன்ற சாதியின் பெயர் வருவதில்லை.

நம் வீடுகளையும் சொல்லாமல் விட முடியாது. அண்ணல் படம் மாட்டிய வீட்டிலேயே மகள் ஒரு அருந்ததியர் பையனை விரும்பினால் என்ன நடக்கிறது என்று களத்தில் வேலை செய்கிற எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அடுத்த ஏப்ரலுக்கு மேடை போடுகிற தோழர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஐந்து நிமிடம் போதாது.