படம் பிடிப்பது குற்றமா?

2020 மே 25ஆம் திகதி, அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரிற் பொலிஸார் கைதுசெய்த ஜோர்ஜ் புளொயிட் இறந்தார். விலங்கிட்டபின் அவருக்கு உடல்நலங் குன்றியதென்றது பொலிஸ் அறிக்கை. 9 நிமிடங்களுக்கு மேலாக அவர் கழுத்தை அழுத்திய முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லேனும் இல்லை! வழியில் நின்ற 17 வயதுப் பெண்ணொருத்தி கைத்தொலைபேசியிற் பிடித்த படமே உண்மையை உலகிற்கு உரைத்தது. 2021இல் அவ்வுத்தியோகத்தர் கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று.

அம்மரணத்திற்குப் பின்னரும், பொலிஸாரின் முகந்தெரியும் படங்களைத் தீய நோக்குடன் வெளியிடுவதைக் குற்றமாக்கப் பிரான்சின் ஆளுங்கட்சி 2020 நவம்பரில் முனைந்தது. தெருவில் நின்று நோக்கத்தை அளக்கப்போகிறவர் யார்? படத்தில் அகப்படும் அதே பொலிஸ்காரரன்றோ! பொதுப்பணத்திற் சம்பளம் பெற்றுப் பொதுவீதியிற் கடமை புரிவோர் பொதுமக்களின் கண்ணுக்கு ஏன் கூசவேண்டும்? பெருங் கிளர்ச்சியின்பின் திருத்தப்பட்ட அப்பிரிவையும், குற்றம் தெளிவாக வரையறுக்கப்படவில்லையெனக் கூறி, 2021 மே மாதத்தில் அந்நாட்டு அரசியலமைப்புச் சபை தள்ளிவிட்டது.