பிடி சொந்தம், பிஸ்டல் பொது

2021 ஜூலை 25. டோக்கியோவை அடுத்த அசாகா துப்பாக்கி சுடும் தளத்தில் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள் சுட வேண்டும். 19 வயது மனு பாக்கர் முதல் பத்து குண்டுகளை நன்றாகவே முடித்திருந்தார். இரண்டாவது தொடரின் நடுவே பிஸ்டல் மக்கர் செய்தது. குண்டேற்றும் நெம்புகோல் உடைந்துவிட்டது.

மேடையிலிருந்து இறங்கி, பழுதுபார்த்துத் திரும்பி வருவதற்குள் ஏறத்தாழ 20 நிமிடம் கரைந்துபோனது. கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. மிச்சக் குண்டுகளை அவசர அவசரமாகச் சுட்டு முடித்தபோது அவர் கணக்கில் 600க்கு 575. பன்னிரண்டாம் இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழைய இரண்டே புள்ளி குறைந்தது.

மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றதும் நாடு அவருடைய மன உறுதியைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால், டோக்கியோவில் முதலில் உடைந்தது ஒரு சின்ன உலோகத் துண்டு என்பது அந்த ஆரவாரத்தில் மறந்துபோனது. போட்டிக்கான பிஸ்டல் யாருடையது, அதை யார் வாங்கித் தருவது, யார் பழுது பார்ப்பது, இரவில் அது எந்தப் பூட்டுக்குள் இருப்பது? பதக்கப் பட்டியலைப் பேசும் அளவுக்கு இந்தக் கேள்விகளைப் பேசுவதில்லை.

சட்டைப் பொத்தானைக் குறிவைத்து

ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளிக்கான நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒரே கையை நீட்டி, அந்தப் பொத்தானை அறுபது முறை தொட வேண்டும். பிஸ்டலின் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே இருப்பது சுமார் 32 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றாலும், குண்டு இலக்கில் 31 மில்லிமீட்டர் தள்ளிப்போய் விழும். பத்து ஏழாகிவிடும்.

இதற்காகவே செய்யப்பட்ட கருவி என்பதால் உயர்தரப் போட்டிப் பிஸ்டல், திரைப்படத்தில் பார்க்கும் கைத்துப்பாக்கியின் சாயலில் இருப்பதில்லை. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. அரை கிராம் எடையுள்ள, தலை தட்டையான ஈயக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தலை தட்டையாக இருப்பதால் காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை விழும். சுடும்போது எழும் மெல்லிய உதைப்பையும் கைக்குத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ள, சில மாடல்களில் உள்ளே ஒரு சிறு எடை எதிர்த்திசையில் நகரும். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தமாவது வேண்டும் என்பது சர்வதேச விதி. நடுவர்கள் விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். முழுப் பிஸ்டலும் 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 42 சென்டிமீட்டர் நீளம், 20 உயரம், 5 அகலம் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

இவற்றைச் செய்பவர்கள் ஐரோப்பாவின் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள்: ஆஸ்திரியாவில் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தில் மொரினி, இத்தாலியில் பார்தினி, ஜெர்மனியில் வால்தரும் ஃபைன்வெர்க்பாவும். ஒலிம்பிக் ஏர் பிஸ்டல் மேடையில் நிற்பவர்களின் கைகளில் பெரும்பாலும் இந்தப் பெயர்களில் ஒன்றுதான் இருக்கும்.

இத்தனை நுட்பத்துக்கும் நடுவில் வீரர் தன் கையாலேயே செதுக்கும் ஒரு பாகம் உண்டு. அதுதான் பிடி. பெரும்பாலும் அக்ரூட் மரம். உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப, விரல்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்காரும்படி குடைந்திருக்கும். கடையில் வாங்கிய பிடி அப்படியே யாருக்கும் பொருந்தாது. கட்டைவிரலின் அடியில் இடைவெளி இருந்தால் மக்கு வைத்து அடைப்பார்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். மறுநாள் சுட்டுப் பார்த்து மறுபடியும் தேய்ப்பார்கள். மணிக்கட்டை மட்டும் பிடி தாங்கக் கூடாது, அது விதி. பல மாதம் இப்படித் தேய்த்த பிடி, இன்னொருவர் கைக்குள் போனால் வெறும் மரக்கட்டை.

பாரிஸில் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி சாதாரணக் கண்ணாடியோடு சுட்டு உலகப் புகழ்பெற்ற துருக்கியின் யூசுஃப் டிகெச்சை வைத்து, கருவியெல்லாம் எதற்கு, திறமை போதும் என்று பலரும் முடிவுகட்டினார்கள். மனுவும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்ற அதே கலப்பு இரட்டையர் போட்டியில்தான் அவரது அணி வெள்ளி வென்றது. அவர் வேண்டாம் என்று விட்டது கண்மறைப்பும் பெரிய காதுக் கவசமும்தான். கையில் இருந்தது ஒலிம்பிக் தரத்துப் போட்டிப் பிஸ்டல்.

மூன்று பதக்கம் சொல்லும் கணக்கு

ஒலிம்பிக்கில் பிஸ்டல் பிரிவில் இந்தியா பெற்ற பதக்கங்கள் மொத்தம் மூன்று. 2012 லண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் விஜய்குமாரின் வெள்ளி. 2024 பாரிஸில் ஏர் பிஸ்டலில் மனுவின் வெண்கலம். மனு - சரப்ஜோத் இணையின் வெண்கலம். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது.

ரேபிட் ஃபயர் பிஸ்டலில் சுடுவது .22 தோட்டா. அது சட்டத்தின் கண்ணில் முழுமையான ஆயுதம், உரிமம் வேண்டும். அதில் வென்ற விஜய்குமார் ராணுவ சுபேதார், மஹூவில் உள்ள ராணுவக் குறிபார்ப்புப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர். ஆயுதம், தோட்டா, பயிற்சி, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் அங்கே ஒரு நிறுவனம் நிற்கிறது. வீட்டில் யாரும் பீரோச் சாவியைத் தேட வேண்டியதில்லை.

ஏர் பிஸ்டலின் கதை வேறு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கலெக்டர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடக்காமல் ஒரு பள்ளிப் பிள்ளை பயிற்சியில் சேர முடிகிறது. 2018 ஆசிய விளையாட்டில் 16 வயதில் தங்கம் வென்ற சௌரப் சௌத்ரி, ஹரியானா விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த சரப்ஜோத், மனு மூவரும் இந்தத் திறந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்.

சட்டம் திறந்துவைத்த வாசலில் விலை குறுக்கே நிற்கிறது. உயர்தர ஏர் பிஸ்டல் ஐரோப்பாவிலேயே 1,500 யூரோவைத் தாண்டும். வரியெல்லாம் சேர்ந்து இங்கே கைக்கு வரும்போது இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டிவிடுகிறது. ஒரு டின்னில் 500 குண்டு. நாளைக்கு நூறு சுட்டால் ஐந்து நாளில் காலி. உதிரி பாகத்துக்கு மறுபடியும் ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு அளித்தார்கள். 2020இல் வந்த உள்துறை அறிவிப்பின்படி, சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் பெயர்பெற்ற வீரர்களும் பன்னிரண்டு வரை வைத்திருக்கலாம். சிகரத்தை எட்டியவருக்கு இவை உதவும். முதல் பிஸ்டலைக் கையில் எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை.

தமிழ்நாட்டிலும் இந்த இடைவெளியைப் பார்க்க முடிந்தது. நடிகர் அஜித்குமார் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பிஸ்டல் பிரிவில் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றார். 2022இல் அவர் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது வாசலில் கூட்டம் அலைமோதியது. நட்சத்திரத்தைப் பார்க்க வந்த கூட்டம்தான். ஆனால், அதில் நின்ற ஒரு பள்ளி மாணவிக்கு ‘நானும் சுட்டுப் பார்க்கலாமா?’ என்ற ஆசை முளைத்திருந்தால், அடுத்து அவள் அப்பாவிடம் கேட்க வேண்டியது இரண்டு லட்சம் ரூபாய்.

பூட்டப்படாத படுக்கையறை

ஆளுக்கொரு துப்பாக்கி மலிவாகக் கிடைக்கச் செய்துவிட்டால் தீர்ந்தது என்று இதற்கு விடை சொல்லக் கூடாது. .22 பிஸ்டலும் அதைவிடப் பெரியவையும் உயிரைப் பறிப்பவை. விளையாட்டுக்காக வாங்கிய பிஸ்டல் வீட்டுக்குள் வந்தபின் என்ன ஆகலாம் என்பதற்கு இரண்டு நாடுகள் பெரும் விலை கொடுத்திருக்கின்றன.

1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒருவன் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக்கொன்றான். அவன் கையில் இருந்தவை சட்டப்படி உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். மறு ஆண்டே பிரிட்டன் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது, இரண்டாவது சட்டம் .22 பிஸ்டலையும் தடைசெய்தது. 1,60,000க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை மக்கள் ஒப்படைத்தார்கள். பிரிட்டனின் 25 மீட்டர் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. 2012 ஒலிம்பிக்கின் பிஸ்டல் போட்டிகளைச் சொந்த மண்ணில் நடத்தவே விதிவிலக்கு தேவைப்பட்டது. அதேசமயம், துப்பாக்கியால் அப்படியொரு பள்ளிப் படுகொலை அங்கே அதற்குப் பிறகு நடக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

ஜெர்மனியின் பாடம் இன்னும் நுணுக்கமானது. 2009 மார்ச் 11 அன்று வின்னெண்டன் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன், தான் படித்த பள்ளியில் தொடங்கி 15 பேரைக் கொன்றான். ஆயுதம் அவன் அப்பாவுடையது. அவர் துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர். மற்ற துப்பாக்கிகளையெல்லாம் பெட்டகத்தில் பூட்டியவர், இந்த ஒரு பிஸ்டலைப் படுக்கையறையில் வைத்திருந்தார். வால்தரும் ஃபைன்வெர்க்பாவும் இயங்கும் அதே பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் இது நடந்தது. ஜெர்மனி விளையாட்டைத் தடைசெய்யவில்லை. அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து பெட்டகத்தைச் சோதிக்க வழிசெய்தது.

ஒரு நாடு உடைமையையே ஒழித்தது. மற்றொன்று உடைமையை விட்டுவைத்துப் பூட்டைக் கண்காணிக்கிறது. இந்தியா இந்த இரண்டில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மஹூவில் ராணுவம் பின்பற்றும் முறையையே பொது மக்களுக்கு விரிக்கலாம்: பிஸ்டல் தளத்துக்குச் சொந்தம், பிடி வீரருக்குச் சொந்தம்.

தளத்தின் அலமாரியில்

மரப்பிடி திருகைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். ஒரே பிஸ்டலில் காலையில் ஒருவர் பிடியையும் மாலையில் இன்னொருவர் பிடியையும் பொருத்தலாம். பிஸ்டலின் விலையோடு பார்த்தால் பிடியின் விலை சிறு பகுதிதான். மாவட்டத் தலைநகரின் துப்பாக்கி சுடும் தளம் ஒவ்வொன்றிலும் பத்து ஏர் பிஸ்டல்கள் பொதுவில் இருந்து, பிள்ளைகள் சொந்தப் பிடியை மட்டும் பையில் கொண்டுவந்தால், இரண்டு லட்ச ரூபாய் என்ற சுவர் பெருமளவு இறங்கிவிடும். .22 பிஸ்டல்கள் தளத்தின் பெட்டகத்தைவிட்டு வெளியே போகாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, திருப்பி வைக்கும் பொருளாக இருக்கும். படுக்கையறை அலமாரிக்கு அங்கே வேலையே இல்லை.

பழுதுபார்ப்பும் இதோடு சேர்ந்தது. ஆளுக்கொரு மாடலாக வீடு வீடாகச் சிதறிக் கிடந்தால் எந்த மெக்கானிக்கும் கைதேர்ந்தவராக முடியாது. ஒரே தளத்தில் ஒரே மாடலில் பத்து இருந்தால், ஒரு பயிற்சி பெற்ற ஆர்மரர் அவற்றின் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் வளையத்தையும் அறிந்திருப்பார். உதிரி பாகம் டப்பாவில் தயாராக இருக்கும். டோக்கியோவில் போன அந்த 20 நிமிடத்துக்கான விடை, ஊரில் இருக்கும் இந்தப் பட்டறையில் தொடங்குகிறது.

பலர் கைபட்டால் பிஸ்டல் கெடும், உச்சநிலை வீரருக்குத் தன் கருவி தன்னிடமே இருக்க வேண்டும் என்று மறுப்பார்கள். இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. விசையின் இறுக்கத்தை நூலிழை அளவில் தனக்கேற்ப அமைத்துக்கொண்டவர், அதை வாரம் ஒருமுறை கலைக்க முடியாது. தேசிய அளவுக்கு வந்தவர் சொந்தமாக வாங்கட்டும்; அதற்கான சலுகை ஏற்கெனவே இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை கற்பது நிற்கும் விதம், மூச்சு, விசையை அசையாமல் இழுக்கும் விரல். இதில் பெரும்பகுதி, வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குண்டே போடாமல் செய்யும் வெற்றுச் சுடல்தான்.

தொடங்குவதற்கு எல்லாவற்றையும் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஏர் பிஸ்டலின் சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டு கடந்தால் அதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். சிலிண்டரை மாற்றிவிட்டால், நன்றாகப் பராமரித்த பிஸ்டல் இன்னும் பல ஆண்டு உழைக்கும். தேர்வு, கல்லூரி, வேலை என்று விளையாட்டை விட்டுப்போனவர்களின் பிஸ்டல்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. தளங்கள் அவற்றை நியாயமான விலைக்குத் திரும்ப வாங்கலாம். புதுச் சிலிண்டர் போட்டு, பழைய பிடியைக் கழற்றி உரியவரிடமே கொடுத்துவிட்டு, பிஸ்டலை அலமாரியில் வைக்கலாம். அடுத்த திங்கட்கிழமை அதை எடுக்க வரும் மாணவி, கையில் ஒரு புதிய மரப்பிடியும் கொஞ்சம் மக்கும் ஓர் உப்புத்தாளும் கொண்டுவந்தால் போதும்.