மூழ்கிக் கிடக்கும் நீர்மானி

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், வீட்டுவாயிலில் நிலத்துக்குள் பதிக்கப்பட்ட நீர்மானிக் குழிகள் நிரம்பிவிடுவது இயல்பு. மலைச்சரிவில் இறங்கும் நீர் பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். சேற்றுக்கும் சருகுக்கும் அடியில் மானி மறைந்துபோகிறது. மானி வாசிக்க வருபவர் மூடியைத் திறக்கிறார், எண் தெரியவில்லை, உத்தேசமாக ஓர் அளவைக் குறித்துக்கொண்டு செல்கிறார். இத்தகைய சிறு விடயத்துக்குத் தலையங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தக் குழி யாருடைய பொறுப்பு என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. ஆகையாற்றான் எழுதுகிறோம்.

மகாவலிக்கு நீரூட்டும் கொத்மலை ஓயா இம்மலைகளின் மழையைத் திரட்டிக்கொண்டே ஓடுகிறது. அந்நீரைக்கொண்டு, 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாற்று மின்சாரம் உண்டாக்க வல்லதாயிருக்கிறது. நாட்டுக்கு நீரும் ஒளியும் ஈயும் இம்மண்ணின் மக்களோ தலைமுறை தலைமுறையாக லயத்துப் பீலியடியில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முடிவு காணப்பட்டது. லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற நிலையும் மெல்ல மெல்லவே வந்தது. முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக மேலும் 10,000 வீடுகள் தரப்படுமென இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவித்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்வரலாற்றை நினைவிற்கொண்டு பார்த்தால், தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாயிலில் தனி நீர்மானி இருப்பதன் பொருள் விளங்கும். அது அவர் பெயரில் ஒரு கணக்கு. அவருக்கென ஒரு முகவரி. குடித்த நீருக்குக் காசு கொடுக்கும் குடித்தனக்காரர் என்பதற்கு ஒரு சான்று. அந்தச் சான்று சேற்றில் மூழ்கிக் கிடப்பதை நாம் எவ்வாறு பொறுத்திருக்க முடியும்?

முதலில் கட்டணத்தை நோக்குவோம். 1,000 லீற்றர் கொண்டது ஓர் அலகு. அலகுகள் ஏற ஏற அலகொன்றின் விலையும் ஏறுவதே நமது நீர்க்கட்டண முறை. மூன்று மாதம் உத்தேசக் கணக்கு எழுதி, நான்காம் மாதம் குழி வற்றியபின் உண்மை எண்ணை வாசித்து, விடுபட்ட அலகுகளையெல்லாம் ஒரே மாதத்தின் தலையில் ஏற்றினால் என்ன நேரும்? சிக்கனமாக வாழ்ந்த குடும்பம் மேற்படியின் விலையைக் கொடுக்க நேரும். நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு இது சிறு சுமையன்று. வாசிக்கப்படாத மாதங்களுக்கு அலகுகளைப் பிரித்துக் கணக்கிடுவதே நீதி.

கட்டணத்தினும் பெரிது உடல்நலம். மானியின் முகப்பு முத்திரையிட்டு அடைக்கப்பட்டிருப்பதனால், மூழ்கியதனால் மட்டும் நல்ல மானி பழுதாவதில்லை. ஆபத்து அதன் இணைப்புக்களிலே இருக்கிறது. குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்வரை தளர்ந்த இணைப்பு வெளியே கசியும். விநியோகம் நின்று அழுத்தம் குறைந்தாலோ, அதே இணைப்பு குழியின் அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மீண்டும் நீர் வரும்போது அந்த அழுக்கு குடத்தில் இறங்கும். மலசலகூடக் குழியும் மாட்டுத் தொழுவமும் அருகிலிருக்கும் சரிவுகளில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. 2007இல் கம்பளையில் நீர்வழிப் பரவிய ஈரலழற்சி நோய் நம் அயலிலே நிகழ்ந்த பாடம்.

குழி நிரம்பினால் வீட்டார் செய்யத்தக்கன சில உண்டு. நீரை முகந்து வெளியேற்றி முகப்பைத் துடைத்தபின், வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மானியைக் கவனிக்க வேண்டும். அதன் சிறு சக்கரம் அப்பொழுதும் சுழன்றால் மானிக்கு அப்பால், வீட்டுப் பக்கத்தில் கசிவு உண்டு. அதனைத் திருத்துவது வீட்டாரின் கடன். சக்கரம் அசையாதிருக்க, மழையில்லாத நாளிலும் குழி நிரம்புமாயின், கசிவு மானிக்கு முன்னே இருக்கக்கூடும். அது வழங்குவோரின் கடன். இரண்டுமில்லையேல் மழைநீரோ மலையூற்றோ எனக் கொள்ளலாம். எவ்வாறாயினும் முத்திரையை உடைத்தலும் மானியை இடம் பெயர்த்தலும் ஆகா. வாசித்த எண்ணையும் திகதியையும் குறித்து, படமும் எடுத்து, கணக்கிலக்கத்தோடு எழுத்தில் முறையிடுங்கள். நீர் வழங்கல் சபையின் வாடிக்கையாளராயின் 1939 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும்.

வீட்டார் கடன் இவ்வளவே. மற்றையோர் கடன் என்ன? நீர் வழங்குவது சில இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. சில இடங்களில் கிராமத்து நீர்ச் சங்கம். வேறு சில இடங்களில் தோட்டமே. நிலம் 1992 முதல் கம்பெனிகளின் நிருவாகத்தில்; வீதியும் வடிகாலும் பிரதேச சபையின் பார்வையில். குழியில் தேங்கிய நீரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டிவிட இவ்வமைப்பு இடந்தருகிறது. தோட்டத்துக்குள் பணம் செலவிடப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாயிருந்தது உண்மையே. ஆனால் அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீங்கிவிட்டது. இன்னும் பழைய சாக்கையே ஓதிக்கொண்டிருப்பதில் நியாயம் எங்கேயுளது?

பரிகாரமோ மிக எளிது. இது சமவெளியன்று; சரிவு. குழியின் அடியில் ஒரு துவாரமிட்டு, இரண்டு முழக் குழாயால் கீழேயுள்ள கானுக்கு நீரை வடியவிட்டால் போதும். விளிம்பைச் சிறிது உயர்த்தி, இறுக மூடும் மூடியும் இடலாம். இயன்ற இடத்தில் மானியைத் தரைக்கு மேலே சுவரோரம் பொருத்துவது இன்னும் நன்று. தேயிலை மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கான் வெட்டி, மண் கரையாமல் மழைநீரை வழிநடத்திய கைகள் இம்மக்களுடையவை. வாய்க்கால் வரப்பறிந்த நம் உழவர்களும் இதன் எளிமையை ஒரு நோக்கில் உணர்வர். அறிவுக்கோ உழைப்புக்கோ இங்கே பஞ்சமில்லை. பொறுப்பேற்கும் கையெழுத்துக்கே பஞ்சம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களைக் கலங்கடித்தது. மலை சரிந்து உயிர்கள் மாண்டன, வீடுகள் புதைந்தன. அவற்றுக்கு ஈடாக எழும் வீடுகளிலும் பழைய பிழையே புதைக்கப்படலாகாது. ஆதலின் நாம் கோருவன மூன்று. வடிகால் இல்லாத மானிக் குழியை எந்த அதிகாரியும் ஏற்று ஒப்பமிடக்கூடாது. மூழ்கிய மானிக்கு உத்தேசக் கணக்கு எழுதினால், அதன் காரணத்தைப் பட்டியலிலேயே தமிழில் குறிக்க வேண்டும். உண்மை எண் கிடைத்ததும் மாதவாரியாகத் திருத்த வேண்டும். நீர் வழங்குவோர், தோட்ட நிருவாகம், பிரதேச சபை ஆகிய மூவரும் ஒருங்கே அமர்ந்து, ஒவ்வொரு குடியிருப்புக்கும் பொறுப்பாளர் இன்னார் என எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மலையக மக்களின் பிரதிநிதிகளாக மன்றங்களில் அமர்ந்திருப்போர் பெரிய கோரிக்கைகளை எழுப்புகின்றனர், எழுப்பவும் வேண்டும். ஆனால் ஒரு முழக் குழியிலிருந்து நீரை வடியச்செய்ய இயலாத அதிகாரம், ஒரு சமூகத்தின் குறைகளை வடியச்செய்யும் என்று மக்கள் எங்ஙனம் நம்புவர்? அடுத்த பருவமழைக்கு முன்னர் கான்கள் வெட்டப்படட்டும்.