கிடார் வாங்கும் முன் இரண்டு நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள்

எங்கள் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் சாயங்காலம் ஆனால் முன்பெல்லாம் பாட்டு கிளாஸ், டான்ஸ் கிளாஸ் என்று குழந்தைகள் ஓடுவார்கள். இப்போது அவற்றோடு கிடார் கிளாஸும் சேர்ந்துகொண்டது. "அம்மா, எனக்கு கிடார் வேணும்" என்று பிள்ளை அடம் பிடிக்க, அப்பா மாதச் செலவைக் கணக்குப் பார்க்க, கடைசியில் எது மலிவோ அது வீட்டுக்கு வந்து சேர்கிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பீரோவுக்குப் பின்னால் தூசி படிந்து நிற்கிறது!

"என்னக்கா செய்யறது, ஃபீஸ் கட்டினதுதான் மிச்சம். தொட்டாலே விரல் வலிக்குதுங்கறா. அவளுக்கு சங்கீதம் வராது போலிருக்கு" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களை நிறையப் பார்க்கிறேன். குழந்தைகளுக்குக் கிடார் சொல்லிக் கொடுக்கிறவள் நான். "முதலில் அந்தக் கிடாரைக் கொண்டு வா, பார்ப்போம்" என்பேன். பல சமயம் குற்றம் குழந்தையிடம் இருக்காது. தந்தியின் உயரத்தில் இருக்கும்.

வீணையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் உள்ள மெட்டு, குதிரை, பிருடை எல்லாம் கிடாரிலும் உண்டு. தந்தி மெட்டுக்கு மேலே ரொம்ப உயரத்தில் நின்றால் பிஞ்சு விரல் எவ்வளவு அழுத்தினாலும் நாதம் வராது, வலிதான் வரும். இதைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். உங்கள் பர்ஸில் உள்ள ஒரு ரூபாய் நாணயங்கள் போதும். இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பிருடைப் பக்கத்திலிருந்து எண்ணி 12-ஆவது மெட்டின் மேல், தடித்த தந்திக்கு அடியில் அதை நுழைத்துப் பாருங்கள். ஸ்டீல் தந்தியானால் இரண்டு நாணயம் தாராளமாக நுழையக் கூடாது. நைலானானால் மூன்று நாணயம் நுழையக் கூடாது. நுழைந்தால், "செட்டப் செய்து கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது நைலானா, ஸ்டீலா? சின்னக் குழந்தைக்கு நைலான் தந்தி இதமாக இருக்கும். ஆனால் அந்தக் கிடாரின் தண்டி அகலம். குட்டிக் கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீலுக்குத் தண்டி ஒடுக்கம், சத்தம் கணீரென்று இருக்கும், விரல் கொஞ்சம் வலிக்கும். ஸ்டீல் என்று முடிவு செய்தால் 'எக்ஸ்ட்ரா லைட், பத்தாம் நம்பர்' என்று கேட்டு வாங்குங்கள். முதல் தந்தி ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு கனம்தான். பன்னிரண்டாம் நம்பரைவிட அழுத்துவது சுலபம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. நைலான் கிடாரில் ஸ்டீல் தந்தியை மாட்டவே மாட்டாதீர்கள். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் என்றால் 70 கிலோவைத் தொடும். குதிரை பிய்ந்துகொண்டு வந்துவிடும், பணம் போச்சு!

அளவும் முக்கியம். "வளர்ந்த பிறகும் ஆகுமே" என்று யூனிஃபாரம் தைப்பது போலப் பெரிதாக வாங்காதீர்கள். 5 முதல் 7 வயதுக்கு 30 அல்லது 34 அங்குலம், 8 முதல் 11 வரை 36 அங்குலம், அதற்கு மேல் முழு அளவு என்பது ஒரு பொதுக் கணக்கு.

மலிவு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. கொல்கத்தாவில் செய்யும் கிவ்சன் போன்ற கிடார்களில் கை பழகியவர்கள் நம் ஊரில் ஏராளம். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, திருப்போரூர் பக்கம் யமஹா கம்பெனி 2019 முதல் இசைக் கருவிகள் தயாரிக்கிறது. நேரில் பார்த்து வாங்க வேண்டுமானால் திரிசூலத்தில் இறங்கி எதிரே மெட்ரோ பிடியுங்கள். 1842-இல் மிஸ்க்வித் கடையாகத் தொடங்கிய மியூசி மியூசிகல் அண்ணா சாலையில்தான் இருக்கிறது. எந்தக் கடையானாலும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்டியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், தச்சர் பலகை பார்ப்பாரே அப்படி. வளைந்தோ முறுக்கியோ இருந்தால் வேண்டாம். குதிரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்தால் அதுவும் வேண்டாம். மெட்டு ஓரங்களை விரலால் தடவுங்கள், கீறக் கூடாது.

உறவுக்காரர் வீட்டில் பழைய கிடார் சும்மா கிடக்கிறதா? தண்டி நேராக இருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இருநூறு ரூபாய்க்குள் ஒரு செட் புதுத் தந்தி போட்டாலே பாதி புதுசாகிவிடும். புது நைலான் தந்தி முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இழுபட்டுப் படிகிற வரை அப்படித்தான், பயப்படாதீர்கள்.

நம் ஊர் வேர்வைக்கு ஸ்டீல் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். கை கழுவித் துடைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒரு துடை துடைத்தால் தந்தி கூடுதல் நாள் உழைக்கும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். கோடையில் பரண் மேலும் வேண்டாம். சூட்டில் பசை இளகும். மழைக்காலத்தில் மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களை உறைக்குள் போட்டு வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், மேற்குத் தாம்பரம் சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அடைமழை என்றால் தரையில் சாய்த்து வைக்காமல் மேலே ஏற்றிவிடுங்கள்.

தந்தி மாற்றினால் வெட்டிய துண்டுகளைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். ஊசி மாதிரிக் குத்தும். தவழும் குழந்தை உள்ள வீடு என்றால் தரையை ஒருமுறை பெருக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் விரல் நுனி கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார வைக்காமல் தினம் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தால் ஆறும்வரை ஓய்வு கொடுங்கள். நுனித்தோல் கெட்டிப்பட்டுவிட்டால் பிறகு வலி தெரியாது.

ஆகவே "இவளுக்கு வராது" என்று தீர்ப்புச் சொல்லுமுன் அந்த இரண்டு நாணயத்தை ஒரு தடவை நுழைத்துப் பாருங்கள். அப்படியே இன்னொன்று. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அந்தக் கிடார் சும்மாதானே இருக்கிறது? நீங்களும் பத்து நிமிஷம் எடுத்து மீட்டிப் பாருங்களேன்!