பழைய ரோலருக்குப் புதிய புல்லி

மலைநாட்டுத் தேயிலை இஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்றில் புல்லி உடைந்து ரோலர் நின்றுவிட்டால், “பழைய இரும்புக் கடையில் இதே பருமனில் ஒன்று கிடைக்கும், எடுத்து மாட்டிவிடலாம்” என்ற பேச்சுதான் முதலில் எழும். கிடைக்காவிட்டால், மெஷினையே கழித்துவிடலாம் என்பார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். வார்ப்பிரும்பு உடம்போடு பல தலைமுறை ஓடிய ரோலரில் பெரும்பாலும் தேய்வது புஷ், கீ, புல்லி போன்றவைதான். அவற்றைச் சீர்செய்யலாம், புதிதாகவும் செய்துகொள்ளலாம். எதை அளக்க வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இஸ்டோர் முழுவதும் ஒரே சக்தியில் ஓடியது. நீர்ச்சக்கரமோ எண்ணெய் எஞ்சினோ நீண்ட சாஃப்ட் ஒன்றைச் சுழற்றும். அதில் வரிசையாகப் புல்லிகள். ஒவ்வொன்றிலிருந்தும் தட்டைப் பெல்ட் இறங்கி ரோலரையும் சல்லடையையும் டிரையர் விசிறியையும் இழுக்கும். பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் கம்பனியின் சிரோக்கோ டிரையரும், கேன்ஸ்பரோ மார்ஷல் கம்பனியின் மெஷின்களும், கொழும்பு வாக்கர் சன்ஸின் ரோலர்களும் அப்படி ஓடியவை. 1950இல் லக்சபான மின்நிலையம் வந்த பிறகு படிப்படியாக மெஷினுக்கொரு மோட்டார் என்றானது. பழைய ஏற்பாட்டின் சாயலைப் பார்க்க விரும்புகிறவர்கள், 2001இல் திறந்த ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கோ, ஹோட்டலாக மாறிவிட்ட கந்தப்பளை ஹெதர்செட் இஸ்டோருக்கோ போகலாம். சுழலும் சக்கரங்களுக்குக் காவலாக ரோதை முனியை வைத்துக் கும்பிட்ட சனம் நம்முடையது. அவற்றின் பலமும் ஆபத்தும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

புல்லியின் விட்டம்தான் மெஷினின் வேகம். மோட்டார் புல்லியின் விட்டத்தை அதன் சுற்றால் பெருக்கினால் வரும் எண்ணும், மெஷின் புல்லியின் விட்டத்தை அதன் சுற்றால் பெருக்கினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 5 அங்குலப் புல்லியும் எதிரே 30 அங்குலப் புல்லியும் இருந்தால், எதிர்ச் சாஃப்ட் 240 சுற்று ஓடும். 5 அங்குலம் கிடைக்கவில்லை என்று ஐந்தரை அங்குலத்தை மாட்டினால் 264 ஆகிவிடும். பார்வைக்கு அரை அங்குலம்தான். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. பல்சக்கரத்தைத் தாண்டி 45 சுற்று ஓட வேண்டிய ரோலர் 50ஐத் தொடும். கொழுந்து சூடேறும், பேரிங்கும் சூடேறும். தேத்தண்ணியின் ருசி மாறியதற்கு டீமேக்கரைக் கேள்வி கேட்பார்கள். புல்லியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

விட்டத்தைக் குறுக்கே அளந்தால் பிழை வரும். முகத்தைச் சுற்றி டேப் பிடித்துச் சுற்றளவை எடுத்து 3.1416ஆல் வகுப்பதே நம்பகமானது. தட்டைப் பெல்ட் புல்லியென்றால் நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். நல்ல புல்லியின் முகம் நடுவில் மில்லிமீட்டர் கணக்கில் மேடாக இருக்கும். பெல்ட் எப்போதும் உயரமான பக்கத்துக்கே ஏறப் பார்க்கும். மேடு நடுவில் இருப்பதால் பெல்டும் நடுவில் நிற்கிறது. அந்த மேடு தேய்ந்துபோனால் பெல்ட் ஓரத்துக்கு நழுவும். உடனே பெல்ட்டைக் குறைசொல்லிப் புதிது வாங்குகிறார்கள், அதுவும் நழுவுகிறது. புல்லியை லேத்தில் ஏற்றி மேட்டைத் திரும்பக் கடைந்து எடுப்பது அரை நாள் வேலைகூட இல்லை.

வி-பெல்ட் புல்லியில் பார்க்க வேண்டிய இடம் வேறு. பெல்ட் பள்ளத்தின் இரு சுவர்களையும் கவ்வித்தான் இழுக்க வேண்டும்; அடியைத் தொடக் கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால் சுவர்கள் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இறுக்க இறுக்கப் பேரிங்தான் கெடும்.

துளை பெரிதாகி ஆடும் புல்லியைக் கழிக்க வேண்டியதில்லை. துளையைப் பெருக்கிக் கடைந்து, இரும்புப் புஷ் ஒன்றை அழுத்தி ஏற்றி, புதிய கீ பள்ளம் வெட்டினால் போதும். வெடிப்பு வேறு சங்கதி. சந்தேகமாக இருந்தால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சாக்குக் கட்டி பூசுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் சற்று நேரத்தில் கறுப்புக் கோடாகக் கசியும். ஆரத்தில் இருக்கும் சிறு வெடிப்பை, அனுபவமுள்ளவர் முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஒட்டி, சாம்பலுக்குள் மெதுவாக ஆறவிட்டுக் காப்பாற்றலாம். வெளிவட்டத்தில் வெடிப்பு இருந்தால் அந்தப் புல்லிக்கு விடை கொடுத்துவிட வேண்டும். சுழலும் வேகத்தில் அது பிளந்தால் எதிரே நிற்பவர் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இனி, புதிதாக வார்க்கும் வேலை. உடைந்ததையே மணலில் பதித்து வார்த்தெடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 24 அங்குலப் புல்லி கால் அங்குலம் குறைந்து வரும். அதைக் கடைந்து எடுக்கையில் இன்னொரு கால் அங்குலம் போகும். ஆகவே பழையதன் முகத்தின் மேல் மரமோ மட்டையோ ஒட்டிப் பருமனாக்கிய பிறகே மணலில் வைக்க வேண்டும். பழைய புல்லிகளின் ஆரங்கள் வளைந்திருப்பதும் வீண் அலங்காரமல்ல. வெளிவட்டமும் நடுக்குடமும் வெவ்வேறு வேகத்தில் ஆறிச் சுருங்கும்போது, வளைந்த ஆரம் கொஞ்சம் கொடுத்துத் தாங்கும். அந்த வளைவை நேராக்கிச் சிக்கனம் பிடிப்பது வெடிப்பை விலைக்கு வாங்குவது.

வார்ப்புப் பட்டறை எட்டாத இடத்தில், தகட்டை வளைத்து வெல்டிங் செய்த இரும்புப் புல்லி நல்ல மாற்று. ஒரே நிபந்தனை: எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகு, துளையை மையமாக வைத்து முகத்தைக் கடைய வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு ஒட்டினால் சூட்டில் கோணிவிடும். மேலே ஓடும் நீண்ட சாஃப்டுக்கு இரு பாதியாகச் செய்து போல்ட்டால் இணைக்கும் புல்லியே உத்தமம். சாஃப்டைக் கழற்றி இறக்கத் தேவையில்லை. சாஃப்டில் மெதுவாகச் சுழன்ற பெரிய வார்ப்பிரும்புப் புல்லியைக் கழற்றி நேராக மோட்டாரில் மாட்டுவதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. வார்ப்பிரும்பு விளிம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5000 அடி என்பது பழைய பட்டறைக்காரர்கள் வைத்த எல்லை. 30 அங்குலப் புல்லி 1440 சுற்றில் ஓடினால் விளிம்பு 11,000 அடியைத் தாண்டிவிடும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டத்துக்கு முன்பே வேலிக் கம்பி திரும்ப ஏற வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெல்ட், புல்லி, சாஃப்ட் எல்லாவற்றுக்கும் காப்பு வேலி போடச் சொல்கிறது. சேலையும் சால்வையுமாக மெஷின் ஓரம் நடமாடுகிறவர்கள் வேலை செய்யும் இடத்தில் இதில் சலுகையே இல்லை.

தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு எத்தனையோ இஸ்டோர்கள் மூடப்பட்டு, மெஷின்கள் எடைக்குப் போய்விட்டன. அவற்றின் பாகங்களை வார்க்க உதவும் மரப் பேட்டர்ன்கள் அடுப்பெரிக்கப் போவதற்கு முன், இன்னும் ஓடும் இஸ்டோர்களின் நிர்வாகங்கள் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். மெஷினுக்கொரு பக்கம் ஒதுக்கிக் கொப்பி ஒன்றும் போட வேண்டும். மோட்டாரின் சுற்று, இரு புல்லிகளின் சுற்றளவு, முக அகலம், துளை, கீ பள்ளம், ரோலரின் சுற்று ஆகியவற்றை அதில் எழுதி வைக்கட்டும். எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே எழுத வேண்டும். உடைந்து தேய்ந்த துண்டிலிருந்து இந்த எண்களை முழுதாக மீட்க முடியாது.